செனாயித் டீச்சரின் சனிக்கிழமை

"இன்னைக்கும் போயிட்டா அக்கா!"

மூச்சிரைக்க மாவு மில்லுக்குள் ஓடிவந்தாள் பெலாய்னேஷ்.

"யாருடி?" மெஷினை நிறுத்தினாள் மில் சொந்தக்காரி அஸ்னகெச்.

"நம்ம செனாயித் டீச்சர்தான். ஆட்டோ ஓட்டுற தெஃபெரா வீட்டுக்குள்ள. போனதும் கதவைச் சாத்தியாச்சு. சனிக்கிழமை தவறாம இதே கூத்து."

"பொண்டாட்டி செத்தவன் வீட்டுல கல்யாணமாகாத பொண்ணுக்கு என்ன வேலை?"

"மாவு அரைக்க வர்றவங்க எல்லாம் அதைத்தான் கேட்கிறாங்க. நீங்க பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத் தலைவி. நீங்க கேட்காம யார் கேட்கிறது?"

அஸ்னகெச் தலையிலும் முகத்திலும் படிந்திருந்த மாவைக்கூடத் தட்டவில்லை. நெத்தலா சால்வையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். மலையூரான தெப்ரே பிர்ஹானின் குளிரிலும் அவளுக்கு வியர்த்தது.

தெருவிலேயே பெலாய்னேஷை நிறுத்திவிட்டு, தெஃபெரா வீட்டுக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

"பிடிச்சுட்டேன் டீச்சர்! இது பெரிய எருமை!" என்று ஒரு குரல் கத்தியது.

முற்றம் நிறைய பிள்ளைகள். எல்லோருக்கும் எண்ணெய் வழியும் ஈரத்தலை. நடுவில் செனாயித், ஒரு சிறுமியின் தலையைப் பேன்சீப்பால் சீவிச் சீவி வெள்ளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓரமாக, யூகலிப்டஸ் விறகு எரியும் அடுப்பில் முக்காட்டுத் துணிகளை வேகவைத்துக் கிளறிக்கொண்டிருந்தான் தெஃபெரா.

அஸ்னகெச்சைக் கண்டதும் ஒரு பிள்ளை மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டது.

"பேனா?" என்றாள் அஸ்னகெச். "பேன் பார்க்கவா கதவைச் சாத்தினீங்க? ஊர் உங்களைப் பத்தி என்ன பேசுதுன்னு தெரியுமா டீச்சர்?"

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சுமா? உள்ளதைச் சொல்லிட்டுப் போறதுக்கென்ன?"

"சொல்லலாம். திங்கக்கிழமை இதுங்க பக்கத்துல ஒருத்தரும் உட்கார மாட்டாங்க. இவரு மக ஹிருத்தை 'பேன்மூட்டை'ன்னு கூப்பிட்டே பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டினாங்க. இவரு அவளுக்கு மொட்டையடிக்கக் கத்தியோட நின்னாரு. நான்தான் தடுத்தேன். வாராவாரம் எண்ணெய் வெச்சு ஈரத்தோட சீவிச் சீவி எடுத்தோம். அவளுக்குச் சரியானதும் அவளே மத்த பிள்ளைங்களைப் பின்பக்க வேலி வழியாக் கூட்டிட்டு வர ஆரம்பிச்சா."

செனாயித் சீப்பைத் துடைத்தாள்.

"ஊர் என்னைப் பேசினா நான் தாங்கிப்பேன் அக்கா. இதுங்க தாங்காது."

அஸ்னகெச்சுக்கு அப்போதும் விட மனமில்லை.

"எல்லாம் சரி. குளிக்காத வீட்டுப் பிள்ளைங்களுக்கு நீங்க ஏன் பேர் கெடணும்? என் வீட்டுல இந்தக் கண்றாவி எட்டிப் பார்த்ததே கிடையாது!"

"பார்த்திருக்கும்மா..."

துண்டு மெல்ல விலகியது. உள்ளே அவள் மகள் மஹ்லெத்.

"நீயா? கோயில்ல பாட்டுப் பழகப் போறேன்னியேடி!"

"உன்கிட்ட எப்படிம்மா சொல்றது? குளிக்காத வீட்டுப் பிள்ளைக்குத்தான் பேன் வரும்பியே. நான் தினமும்தான் குளிக்கிறேன்..." மஹ்லெத் துண்டை மறுபடி முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

"பேனுக்குச் சுத்தமான தலை, அழுக்குத் தலைன்னு பேதமெல்லாம் கிடையாது அக்கா" என்றாள் செனாயித் மெதுவாக. "தலையோட தலை முட்டி விளையாடினாப் போதும், ஏறிடும். இதுல யார் மேலயும் குத்தமில்ல."

அதற்குள் திண்ணைமேல் ஏறி நின்ற ஒரு வாண்டு அஸ்னகெச்சின் உச்சந்தலையை எட்டிப் பார்த்துவிட்டு அலறியது. "ஐயோ டீச்சர்! இந்த அத்தை தலை பூரா ஈரு!"

"அடேய், அது மாவுடா!"

முற்றமே வெடித்துச் சிரித்தது. அடக்கப் பார்த்து முடியாமல் அஸ்னகெச்சும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு சீப்புக் குடுங்க டீச்சர்."

வேலை முடிந்து அவள் வெளியே வந்தபோது, பெலாய்னேஷ் கால் கடுக்கக் காத்திருந்தாள்.

"என்னக்கா இவ்வளவு நேரம்? நாம நினைச்சதுதானே?"

அஸ்னகெச் திரும்பிப் பார்த்தாள். கதவிடுக்கில் மஹ்லெத்தின் பயந்த கண்கள். கதவை இழுத்துச் சாத்தினாள்.

"நாம நினைச்சதுதான்டி. ரெண்டு பேருக்கும் கல்யாணம் பேசி முடிச்சாச்சு. ஈஸ்டர் நோன்பு முடிஞ்சதும் விருந்து!"

"அப்படியா! உள்ள பிள்ளைங்க சத்தம் கேட்குதே?"

"கல்யாணப் பாட்டுப் பழகுறாங்க. இனிமே டீச்சரைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை தப்பாப் பேசினா, என் மில்லுல மாவு அரைக்க முடியாது. போய்ச் சொல்லு எல்லார்கிட்டயும்!"

குரல் முற்றத்துக்குள் தெளிவாகக் கேட்டது. தெஃபெராவின் கையில் துணி கிளறும் கழி நின்றுபோனது.

"டீச்சர்..." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அந்தக்கா சொன்னது பொய்யாவே இருக்கணுமா?"

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் செனாயித் பக்கம் திரும்பின.

அவள் காது சிவந்துபோனது. குனிந்து, பேன்சீப்பைப் புதுத் துணியில் நிதானமாகத் துடைத்தாள்.

"முதல்ல இப்படி வந்து உட்காருங்க" என்றாள். "உங்க தலையைப் பார்க்கணும்."