தண்ணீர் புகாத கேமரா

வலது காதுக்குள் ஊசி வைத்துக் குத்துவதுபோல் வலிக்கிறது. தண்ணீரில் மூழ்கிப் பாலத் தூண்களைப் பழுதுபார்க்கும் அவன், கேமராக் கடையில் தலையைச் சாய்த்தபடி நிற்கிறான். ட்யூப்லைட் வெளிச்சத்தில் தண்ணீர் புகாத குட்டிக் கேமரா மஞ்சளாக மின்னுகிறது. பக்கத்திலிருந்த விலை குறைந்த பெரிய டிஎஸ்எல்ஆர் கேமராவைக் கண்ணில் வைத்து மனைவி அவனையே பார்க்கிறாள். “இத வாங்கினா விசேஷ வீட்டுல படம் எடுத்துப் பொழைச்சுக்கலாம். நீ தண்ணிக்குள்ள எறங்க வேணாம்யா.” “அதுவரைக்கும் வயித்துக்கு? அடியில இருக்கிற விரிசலப் படம் எடுத்துட்டு வந்தாத்தான் வேலைன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டான்.” “சின்னது தண்ணிக்குள்ள எறங்கி ஏறினா ஒண்ணும் ஆகாதும்மா,” என்கிறார் கடைக்காரர். “கேமராவுக்கு ஒண்ணும் ஆகாதுதான்,” என்கிறாள். பெரியதின் மூடியை மெதுவாக மாட்டி வைக்கிறாள். அவன் சின்னதைக் கையில் எடுக்கிறான். இந்த வருஷத்தோடு தண்ணீரை விட்டு ஏறிவிடுவதாக அவளுக்குக் கொடுத்த வாக்கு கடனாகவே நிற்கிறது.