திரை திறக்கும் நேரம்

மாலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. தங்கை பழைய கணினியின் வயிற்றைத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவதை அக்கா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அக்காவின் கணவர் மேசையருகே நாற்காலியில் இருக்கிறார்; பக்கவாதத்தில் பேச்சிழந்தவர், இதில் ஒரு கையால் தட்டித்தான் அவளோடு பேசுகிறார். திரை மெல்ல மெல்லத் திறப்பதற்குள் அலுத்துப்போய்க் கையை இறக்கிவிடுவார். "தூக்கிப் போடச் சொல்லிட்டாங்கடி எல்லாரும்." "எதுக்குக்கா? வேண்டாத புரோகிராமை எல்லாம் எடுத்துட்டேன், மெமரியும் கூட்டியிருக்கேன்." தங்கை மூடியைப் பொருத்துகிறாள். "இப்பப் போடுங்க மாமா." அவர் பொத்தானை அழுத்துகிறார். விசிறி இரைச்சலில்லாமல் சுழல, மளமளவென்று திரை வெளுக்கிறது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுகின்றன: 'எவ்வளவு நேரம்தான் நிப்ப? உட்காரு.' அக்கா தங்கையின் தூசிக் கையைப் பற்றியபடி உட்காருகிறாள்.