ஏறி உட்கார்ந்தவர்

அலமாரி சாய்ந்ததற்கு வாத்தியாரைத் தவிர வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஐம்பதைத் தாண்டிய வயதில், தொப்பையோடு, இரும்பு அலமாரியின் தலைமேல் ஏறிக் குந்திக்கொண்டு, இரண்டு கைகளையும் இறக்கைபோல மடக்கிக் காட்டினால் எந்த அலமாரிதான் தாங்கும்?

விழுந்தது அலமாரியும் அவரும்தான். மானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஏற்கெனவே பலமுறை விழுந்து பழகியது.

சலவைக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில், வேலை முடிந்து ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பறவைக்குக் கொஞ்சம் வெயிட் ஜாஸ்தி சார் என்றார் டிரைவர்.

பெயிண்டர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

இத்தனைக்கும் வாத்தியாரை ஏறவைத்த அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவரே அவர்தான். வகுப்பு தொடங்கியதும் எழுந்து நின்று, "பெர்ச்ட்னா என்ன சார்?" என்று கேட்டார். சேர்ந்த நாளிலிருந்து தானாக வாயைத் திறக்காத மாணவி முதல்முறையாக ஒரு சொல் கேட்கிறார். அதை வாயால் மட்டும் விளக்கினால் பாவம் என்று வாத்தியாருக்குத் தோன்றிவிட்டது. ஏறிவிட்டார்.

நாளைக் காலையில் அக்கா ஏதோ ஓர் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். வாத்தியாருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எந்த அலுவலகம், எதற்கு என்று எத்தனை முறை துருவினாலும் "பேசணும் சார்" என்பதோடு அக்கா முடித்துக்கொள்வார். வேலைக்கான நேர்முகம்தான் என்று வாத்தியார் தானாகவே முடிவுகட்டி, கை குலுக்குவது எப்படி, வாய்ப்புக்கு நன்றி சொல்வது எப்படி, என்ன கேட்டாலும் முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொள்வது எப்படி என்று இத்தனை நாளாக அக்காவின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொல்லை விளக்கினார். உயரத்தில், ஒரு விளிம்பில், தொற்றினாற்போல உட்கார்ந்திருப்பது. மின்கம்பியில் காக்கை. மதில்மேல் பூனை. மூக்கு நுனியில் கண்ணாடி. மலை உச்சியில் தனியாக நிற்கும் வீட்டைக்கூட அப்படிச் சொல்லலாம்.

தானாகப் போய் உட்காருவதுதானா என்று அக்கா கேட்டார்.

தானாகத்தான் என்றார் வாத்தியார். யாரும் பிடித்து ஏற்றிவிட வேண்டாம். உதாரணத்துக்குத் தன்னையே பார்க்கச் சொன்னார். கொழுப்பு, வேறென்ன?

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

"வேலை செய்யறவரை அப்படிச் சொல்வாங்களா சார்?"

வாத்தியாரின் நாக்கு நுனிவரை ஒரு நகைச்சுவை வந்துவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார். சொல்லமாட்டார்கள் என்றார். அப்படியே யாராவது சொன்னால், வேலையை விட்டுவிட்டுச் சும்மா ஏறி உட்கார்ந்திருந்தார் என்றுதான் கேட்பவர்களுக்குப் படும்.

அக்கா மெல்லத் தலையாட்டினார்.

"அப்படித்தான் சொன்னாங்க. போன விசாரணையில. எங்க வீட்டுக்காரரை."

அலமாரியை நிமிர்த்தக் குனிந்த டிரைவர் குனிந்தபடியே நின்றார்.

மீதியை அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். அவரும் கணவரும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போவார்கள். கணவர் சாரத்தில் நின்று வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார், அக்கா கீழே. ஒருநாள் கணவர் மேலேயிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. சாரத்தின் கம்பிமேல் ஏறி உட்கார்ந்திருந்தார் என்றார் கம்பெனி வக்கீல். பெர்ச்ட் என்று வக்கீல் சொன்னபோது யாரோ லேசாகச் சிரித்தார்கள். மொழிபெயர்க்க வந்தவர் அந்தச் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொண்டு தமிழில் சொல்லவில்லை. அக்கா மட்டும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டார். இத்தனை நாளும் அர்த்தம் கேட்கத் தைரியம் வரவில்லை.

நாளைக்கு நடக்கும் விசாரணையிலும் அந்தச் சொல்லே நிலைத்துவிட்டால், செத்தது அவர் குற்றம் என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். கை குலுக்கலையும் நன்றியையும் மறந்துவிடச் சொன்னார். இரண்டே வாக்கியம் போதும். ஹி வாஸ் நாட் பெர்ச்ட். ஹி வாஸ் வொர்க்கிங்.

அக்கா திருப்பிச் சொன்னார். முதலில் நாக்கு தடுமாறியது. பிறகு டிரைவர் முணுமுணுக்க, மற்றவர்களும் முணுமுணுக்க, அறை முழுவதும் ஒரே குரலாகச் சொல்லத் தொடங்கியது. அக்கா எல்லோருக்கும் மேலாகக் குரலை உயர்த்திச் சொன்னார்.

அதோடு விடமாட்டார்கள் என்று வாத்தியார் எச்சரித்தார். தன்னையே அதிகாரி என்று நினைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார். அப்போது அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்?

கயிற்றில் கட்டிய பெயிண்ட் வாளியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார் என்று அக்கா ஆங்கிலத்திலேயே சொன்னார்.

கீழே வாளியைக் கட்டிவிட்டது யார்?

நான்தான் என்றார். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஒரு பிழையில்லை. அந்த நேரத்திலும் வாத்தியாருக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அக்கா அங்கேயே இருந்திருக்கிறார். கண்ணால் பார்த்த சாட்சி. அதிகாரி முகத்தைக் கழற்றிவிட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"இதைப் போன விசாரணையிலேயே சொல்லியிருக்கலாமேக்கா? மொழிபெயர்க்கத்தான் ஆள் இருந்தாரே?"

அக்கா நகத்தின் ஓரத்தில் காய்ந்திருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பேசணும் சார் என்று இப்போதும் மழுப்பிவிடுவார் என்றுதான் வாத்தியார் நினைத்தார்.

"பாதி வாளிதான் கட்டணும் சார், ஒருத்தரா இழுக்கறதுக்கு. அன்னிக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்னு நான் முழுசாக் கட்டிட்டேன்."