கப்பலில் இருக்கும் தாய்மாமன்

ஊருக்கு வெளியே குலதெய்வக் கோயிலின் வேப்பமரத்தடியில், மொட்டைத் தலையில் சந்தனம் காய, குழந்தை வர்ஷிகா ஒன்றுவிட்ட மாமன் சின்னச்சாமியின் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். காது குத்தும்போது மடி தர வேண்டிய சொந்தத் தாய்மாமன் ஜெயபாண்டி நடுக்கடலில், ஓர் உல்லாசக் கப்பலின் சமையல்கட்டில் வேலை செய்கிறான். அவனுடைய அக்கா முருகேஸ்வரி அவனை வீடியோ காலில் பிடித்து, போனைத் தன் மகளுக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கிறாள். வெள்ளைத் தொப்பியும் பாதி திறந்த வாயுமாக அவன் திரையில் அசையாமல் நிற்க, முகத்தின் மேல் வட்டம் சுற்றுகிறது. "போனை மேல தூக்கிப் பிடியக்கா" என்கிறான் சின்னச்சாமி. "இங்க டவர் ஃபுல்லா இருக்குடா. கப்பல்லதான் சாட்டிலைட்டு. அம்புட்டுப் பயணிகளும் படம் பாத்தது போக மிச்சந்தான் இவனுக்கு" என்கிறாள் அவள். தங்கக் கம்பியைத் துடைத்தபடி ஆசாரி நிமிர்கிறார். "நல்ல நேரம் முடியப் போகுதும்மா." முருகேஸ்வரி திரையை ஒருமுறை தட்டிப் பார்க்கிறாள். வட்டம் நிற்கவில்லை. "சரி, குத்துங்கய்யா." இரண்டு காதும் முடிகிறது. கோயில் மணியையும் மீறி வீறிட்ட குழந்தையின் வாயில் யாரோ வாழைப்பழத்தை வைக்க, அழுகை விக்கலாகிறது. பிறகு விக்கலும் அடங்குகிறது. அப்போதுதான் திரையில் அந்த வாய் அசைகிறது. இங்கே ஓய்ந்துவிட்ட அழுகை அங்கே இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. தொப்பியைக் கழற்றிக் கண்ணை அழுத்திக்கொண்டு ஜெயபாண்டி சொல்கிறான்: "அழாத தாயி, அழாத. மாமா இருக்கேன்ல." வர்ஷிகா பழத்தை மென்றபடி அவனை வேடிக்கை பார்க்கிறாள்.