பனியன் கட்டிய தலை

சுசித்ரா குனிந்து, கட்டிலில் விரித்திருந்த கை வைத்த பனியன் மேல் ஈர முடியை மொத்தமாக இறக்கினாள்.

பனியனின் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியில் முடிச்சுப் போட்டாள்.

துண்டு ஆகாது. துண்டால் துவட்டினால் சுருள் உடைந்து பஞ்சாகப் பறக்கும். புருஷன் கந்தன் போட்டுத் தேய்ந்த பனியன் துணி தண்ணீரை மட்டும் குடிக்கும், முடியை ஒன்றும் செய்யாது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய ஆளி விதையைக் கொதிக்க வைத்து, வழவழவென்று வந்ததை வடிகட்டி, ஈரத்தோடு தடவிக் கசக்கி விட்டிருந்தாள். கொஞ்ச நேரம் கட்டியிருந்து அவிழ்த்தால் தானாகக் காயும். சீப்பு மட்டும் படக்கூடாது.

போன வருஷம் வரை இதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

அதுவரைக்கும் அந்த முடி ஒரு பீடை. பள்ளிக்கூடத்தில் பரட்டை என்று பேர். அம்மா எண்ணெயை ஊற்றி, முழங்காலால் முதுகை அழுத்திக்கொண்டு சீப்பால் இழுப்பாள். சீப்பின் பல் உடையும், இவள் ஊரைக் கூட்டுவாள். கலியாணத்தில் அலங்காரம் செய்ய வந்தவள்கூட, சவுரி வைத்து மறைத்துவிடலாம் என்றுதான் சொன்னாள்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

கரும்பு ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து கந்தன் நினைவில்லாமல் கிடந்த அன்று, தெருவே வராந்தாவில் நிற்க, மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கத்தினாள். "அவரு எழுந்து நடந்தா என் முடி மொத்தமும் உனக்குத்தாண்டா முருகா!"

மூன்று கொத்து வெட்டிக் கொடுக்கிற பூமுடி இல்லை. மொட்டை.

கந்தன் எழுந்தான், மெதுவாக. அவன் படுக்கையில் கிடந்த மாதங்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தூங்கும்போதெல்லாம் போனைப் பார்த்தாள். போனில் ஒரு பெண்ணுக்கு இவளுடைய முடியே இருந்தது. அவள் அதைத் திட்டவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவினாள்.

இவளும் செய்து பார்த்தாள். காய்ந்து, கொத்துக்கொத்தாகத் தோளில் இறங்கியபோது, கந்தன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "யாரும்மா நீ? என் பொண்டாட்டி பரட்டையாச்சே!" என்றான். அடிபட்டபின் அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்போது அவன் வண்டி ஓட்டப் போகிறான். கிருத்திகை வந்து வந்து போகிறது. ஒரு தடவை தலைவலி என்றாள். இன்னொரு தடவை வீட்டுக்கு விலக்கு என்று பொய் சொன்னாள். இன்று விடியற்காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றாள்.

மாமியார் கௌரியம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "படுத்துக்க. நான் கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வரேன்," என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவள் போய், வெயில் நன்றாக ஏறிய பிறகு இவள் வெந்நீர் வைத்தாள்.

பிடிக்காதபோது காணிக்கை. பிடித்த பிறகு இடுப்புவலி. இதைத் தனக்குள் சொல்லிக்கொண்டபோது சுசித்ராவுக்குக் காது சுட்டது.

மலைமேலிருந்து மைக் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது. விதை கொதித்த பாத்திரத்தைக் கழுவ வாசலுக்கு வந்தாள்.

எதிர்வீட்டு பங்காரு வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

இந்த ஊரில் ஒரு பெண் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தால், அதுவும் கிருத்திகையன்று, யாரும் காரணம் கேட்பதில்லை.

பங்காரு துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முருகா! குடுத்துட்டியா சுசி? நல்லா இருப்படி. எங்க குடுக்கப் போறா, மினுக்கிகினு திரியறான்னு நாங்கூட உன்ன இன்னான்னவோ பேசிட்டேன். மனசுல வெச்சிக்காத."

அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"ஆங்," என்றாள் சுசித்ரா.

பனியனுக்குள் முடி கல்லாகக் கனத்தது.

"சந்தனத்தக் காணோமே? கொஞ்சம் அவுத்துக் காட்டேன், தொட்டுக் கும்புட்டுக்கறேன்." பங்காரு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கிட்ட வந்தாள்.

சுசித்ரா பின்னால் நகர்ந்தாள். சுவர் முதுகில் இடித்தது.

அப்போதுதான் கௌரியம்மாள் சந்து திரும்பி வந்தாள்.

முந்தானை தலையில் இல்லை. தலையிலும் ஒன்றுமில்லை. வழித்த தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கரும்புக்கட்டு சுமந்து சுமந்து உச்சியில் வட்டமாக முடி தேய்ந்து போனவள் அவள். சுற்றி மிச்சமிருந்த நரையை மலையில் இறக்கிவிட்டு வந்திருந்தாள்.

பங்காரு இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாக்கா இது! மாமியா மருமவ ரெண்டு பேருமா குடுத்துட்டீங்க?"

கௌரியம்மாள் அவளைப் பார்க்கவில்லை. நேராக மருமகளிடம் வந்தாள். பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து அவள் நெற்றியில் இட்டாள். சுசித்ராவால் நிமிர முடியவில்லை.

நெற்றியிலிருந்த கை பிடரிக்குப் போனது. பனியன் முடிச்சுக்குக் கீழே நழுவி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த ஒரு சுருளை விரலில் சுற்றி, உள்ளே தள்ளியது.

"ஆங்," என்றாள் பங்காருவிடம். "ரெண்டு பேரும்தான்."