புல் காட்டிய வழி

"பின் வேலியோரமா ஆறடி உயரத்துல ஒரு சுவர். அதுதான் மிஸ் முதல் வேலை. முற்றத்துக்குக் கல் பதிக்கிறதெல்லாம் அதுக்குப் பிறகு."

மெனேஜர் நிஸார் சிங்களத்தில் சொன்னார். முற்றம் அமைத்துக் கொடுக்கும் கொழும்புக் கம்பனியிலிருந்து வந்திருந்த தனுஜாவும் சரி, சரி என்பதை "ஹரி, ஹரி" என்று சிங்களத்திலேயே சொல்லித் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள்.

கித்துல்கலையில் அந்தப் பழைய வெள்ளைக்காரத் துரை பங்களா ஹோட்டலாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மழை பெய்தால் முற்றம் வயலாகிவிடும். வந்து தங்கியவர்கள் அறையை வாயாரப் புகழ்ந்துவிட்டு, கடைசி வரியில் சேற்றில் செருப்பைத் தொலைத்த கதையை இணையத்தில் எழுதினார்கள். அதைப் படித்துப் படித்து முதலாளிக்குக் கோபம் ஏறியிருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த கோகிலா, சுவர் என்றதும் அப்படியே நின்றுவிட்டாள். அறை துப்புரவு செய்பவள். வேலிக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பவள்.

"சுவர் வேணாங்க சேர்," என்றாள் தமிழில். "லயத்துல நாப்பது குடும்பம் இருக்கு. இப்படியே வந்தா பஸ் ரோட்டுக்கு அஞ்சு நிமிஷம். அடைச்சிட்டீங்கன்னா ஆத்தோரமா மூணு மைல் சுத்தணும். பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகணும், சீக்காளிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். கொஞ்சம் மனசு வைங்க சேர்."

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் தனுஜா.

நிஸார் கூச்சமே இல்லாமல் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். "சுவர் வந்தா தோட்டத்து மாடு உள்ள வராது, ரொம்ப நல்லதுன்னு சொல்றா மிஸ்."

"நல்ல பொண்ணு," என்றாள் தனுஜா.

கோகிலாவுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். டிரேயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"சுவர் கட்டலாம்," என்றாள் தனுஜா. "அதுக்கு முந்தி ஒரு மாசம் பொறுங்க. நான் கடதாசியில பாதை கீறிக் கல் பதிப்பேன். உங்க கெஸ்ட் அதை விட்டுட்டுப் புல்லு மேலதான் நடப்பாங்க. பெரிய ஹோட்டல்லயே அப்படித்தான் காசு வீணாப் போயிருக்கு. அதனால புல்லை வெட்டாம விடுங்க. எங்க புல் சாகுதோ அங்க கல். எங்க சாகலையோ அங்க சுவர்."

செலவில்லாத யோசனை என்பதால் நிஸாருக்கு உடனே பிடித்துப்போனது. அன்றைக்கே வாட்ச்சர் பழனியாண்டியைக் கூப்பிட்டு, லயத்து ஆள் ஒருவர்கூட வளவுக்குள் கால் வைக்கக்கூடாது என்று கறாராகச் சொன்னார்.

மாதம் முடிந்து தனுஜா திரும்ப வந்தபோது, நிஸார் தலையில் கை வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். மற்ற இடமெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் புல். நடுவில் மட்டும் வகிடு எடுத்ததுபோல ஒரே கோடு. வாசல் கேட்டில் தொடங்கி நேரே பின் வேலிவரை புல் செத்துப்போயிருந்தது.

"இங்கால யாரு நடந்த? அங்க லயந்தானே இருக்கு!"

"கெஸ்ட்டுங்கதாங்க சேர்," என்றார் பழனியாண்டி. "விடிஞ்சும் விடியாம கெமராவத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிர்றாங்க. நம்மாளுங்க ஒரு ஈ, காக்கா உள்ள வரல. மாரியம்மா சத்தியமா!"

இதை மட்டும் நிஸார் ஒரு சொல் குறையாமல் தனுஜாவுக்கு மொழிபெயர்த்தார்.

"இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு?" என்றாள் அவள். "நீச்சல் குளம் அவங்க ஊர்லயே இருக்கு. லயம் இல்லையே."

நிஸாரின் முகம் மலர்ந்தது. "ஹெரிடேஜ் வோக்!" என்று பெயரும் வைத்துவிட்டார். அந்த யோசனை தனக்கு வந்தது என்று முதலாளியிடம் சொல்லவும் அவர் மறக்கவில்லை.

சுவருக்கு ஒதுக்கிய காசு பாதைக்குப் போனது. ஐந்தடி அகலத்துக்குக் கருங்கல் பதித்தார்கள். வழுக்காத கல். இரண்டு பக்கமும் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டி, படிக்கட்டு இல்லாமல் சரிவாக இறக்கி, பத்தடிக்கு ஒரு விளக்கும் போட்டார்கள். சூட்கேஸ் உருட்ட வசதியாக இருக்கும் என்று தனுஜா சொன்னபோது, நிஸார் அவள் கெட்டித்தனத்தை மெச்சினார். பின் வேலியில் ஒரு கேட்டும் வந்தது.

வேலை முடிந்த அன்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த நிஸாருக்குத் திடீரென்று ஒரு கவலை.

"வெறுங் கல்ல யாரு போட்டோ எடுக்கப் போறாங்க? கோகிலா! இனி உங்க ஆக்கள் காலையும் பின்னேரமும் இதாலதான் போகணும், வரணும். பிள்ளைங்க யூனிஃபோர்மோட. பொம்பளைங்க கொழுந்துக் கூடையோட."

"இப்பல்லாம் சாக்குதாங்க சேர்."

"கூடை நான் வாங்கித் தாறன். வரச் சொல்லு!"

கோகிலா தயங்கினாள். "கேட்டுப் பாக்கிறேங்க சேர். ஒத்துக்குவாங்களோ என்னவோ, தெரியல."

"ஒத்துக்க வை! இது என்ட ஓடர்!"

சொல்லிவிட்டு, முதலாளிக்குப் படம் அனுப்ப அவசரமாக உள்ளே போனார் நிஸார்.

தனுஜா கைப்பையை எடுத்துக்கொண்டாள். கம்பனி வாகனத்தை நோக்கிப் போகாமல், புதுக்கல்லின் மேல் நடந்து பின் கேட்டுக்கு வந்தாள். அங்கே கோகிலா காத்துக்கொண்டிருந்தாள். தனுஜா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்த வளவுக்குள் முதல் தடவையாகத் தமிழில் வாயைத் திறந்தாள்.

"வாடி, நம்ம ரெண்டு பேரையும் இன்னும் காணோம்னு அம்மா சோத்த வச்சிக்கிட்டு உக்காந்திருக்கும். அப்படியே லயத்துல எல்லாருக்கும் சொல்லிரு, விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு வந்து புல்ல மிதிச்சது போதும்னு."