மேல்வீட்டு விசில்

"அங்கிள், தினமும் விசில் அடிக்கிறது யாருன்னு எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்!"

கீழ்வீட்டு சௌதா இடுப்பில் கைவைத்து வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்ததும், திருச்செல்வத்தின் உயிர் லிஃப்ட் இல்லாமலே கார் பார்க் வரைக்கும் இறங்கிவிட்டது.

யாரென்று அவருக்குத் தெரியாதா? துணி துவைக்கிற அறையில், துண்டு போர்த்திய கூண்டுக்குள், ஆரஞ்சுக் கன்னமும் தலையில் கொண்டையுமாகத் தூங்குகிற காக்கட்டீல் கிளிதான். அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர் மாதிரி, பெயர் டத்தோ. பூச்சோங்கில் இருக்கும் மகள், "கொஞ்ச நாள் வச்சிருங்கப்பா" என்று தள்ளிவிட்டுப் போனது. டத்தோ பால்கனியில் நின்று ஒரு விசில் அடித்தால், செந்தூல் ஸ்டேஷனில் நிற்கிற ரயில் கொடி காட்டாமலே கிளம்பிவிடும்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்தக் கொண்டோமினியத்தின் குடியிருப்போர் சங்கத் தலைவரே அவர்தான். 'வீட்டில் எந்தப் பிராணியும் வளர்க்கக் கூடாது' என்று லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டியவரும் அவர்தான். பவுனம்மாள் அக்காவின் பல் விழுந்த பூனையை ஊருக்கு வெளியே டெங்கிலுக்கு நாடு கடத்திய மகானும் அவரே. அன்றைக்கு அந்த அம்மா அழுத அழுகையில் கீழ்த்தளத்துக் கார்களெல்லாம் மிதந்தன.

உண்மை வெளியே வந்தால் பதவி போகும். தொலையட்டும். டத்தோவும் போய்விடுமே! விடிந்தால் தோளில் ஏறி, அவருடைய காது மயிரைச் சீவிவிடுகிற ஒரே ஜீவன் அது.

"விசிலா? எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா."

"உங்க பால்கனியில இருந்துதான் வருது அங்கிள். வீட்டுல நீங்களும் ஆன்டியும்தான். ஆன்டியா அடிக்கிறாங்க?"

அடுப்படியில் மூடி ஒன்று விழுந்து உருண்டது.

"நா... நான்தான்மா" என்றார் திருச்செல்வம். "சும்மா, பொழுது போகாம..."

சீதாலெட்சுமி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "கல்யாணமாகி நாப்பது வருஷம். எனக்கு ஒரு விசில் அடிச்சதில்ல இந்த மனுஷன்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சௌதாவின் முகம் செங்கல் நிறத்துக்கு மாறியது. "நீங்களா? இந்த வயசுலயா? எங்க ஷிரீன் அந்த விசிலைக் கேட்டுப் பைத்தியமா ஆயிட்டா அங்கிள்!"

ஷிரீனா? கீழ்வீட்டில் அப்படி ஒரு பெண் இருப்பதே தெரியாதே, முருகா! திருச்செல்வம் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"உங்க விசில் கேட்டாப் போதும், ஜன்னலுக்கு ஓடுறா. பதிலுக்குக் குரல் குடுக்கிறா. முடியெல்லாம் சிலிர்த்துக்குது. சரியா சாப்பிடுறதில்ல. நான் கிட்டப் போனாக்கூட கடிக்க வர்றா லா!"

"அய்யய்யோ... நான் யாரையும் நினைச்சு அடிக்கலம்மா!"

"நீங்க நினைக்கல, அவ நினைச்சுட்டாளே! எந்நேரமும் கண்ணாடி முன்னாடியே கிடந்தா, கண்ணாடியை எடுத்துட்டோம். பேப்பரைக் கிழிச்சுக் கிழிச்சு மூலையில குவிச்சா, அதையும் எடுத்துட்டோம். சத்தான சாப்பாட்டைக் குறைச்சுட்டோம். இப்ப பொழுது சாயுறதுக்குள்ள இருட்டுல அடைச்சு வைக்கிறோம்."

"இருட்டுலயா? அடைச்சா?" என்றார் திருச்செல்வம். "பாவம்மா! அவ அத்தா, உங்க வீட்டுக்காரரு, ஒண்ணும் சொல்லலையா?"

"அவங்கதான் கதவைச் சாத்துறதே! டாக்டரே அப்படித்தான் செய்யச் சொன்னாரு."

அடப்பாவி டாக்டரே! திருச்செல்வம் தரையைப் பார்த்தார். டைல்ஸ் பிளந்து பத்து மாடியும் தாண்டிப் பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அவருடைய முடி வெள்ளையாகி, முட்டி தேய்ந்து, மாத்திரை டப்பா நிறைந்த காலத்தில் ஒரு காதலி! அதுவும் அவர் பெயரைச் சொல்லி இருட்டறையில் பட்டினி கிடக்கிறாள். அவரோ ஒரு கிளியைக் காப்பாற்ற வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிட்டு மரம் மாதிரி நிற்கிறார். காது இரண்டும் கொதித்தன. அவற்றின் மேல் ரொட்டி சானாய் போட்டிருந்தால் உப்பி எழுந்திருக்கும்.

விறுவிறுவென்று உள்ளே போனார். கூண்டைத் தூக்கி வந்து சௌதாவின் காலடியில் வைத்துத் துண்டை உருவினார். டத்தோ கண் விழித்து, கொண்டையை நிமிர்த்தி, வந்தவளை ஏற இறங்கப் பார்த்து, நீளமாக ஒரு விசில் அடித்தது.

"இவன்தாம்மா" என்றார் திருச்செல்வம். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "பொய் சொல்லிட்டேன். ஊருக்கெல்லாம் சட்டம் போட்ட நானே ஒளிச்சு வச்சு வளர்த்துட்டேன். பவுனம்மாள் அக்கா கால்லயும் விழுறேன், பதவியையும் விட்டுர்றேன். இவனை இன்னிக்கே பூச்சோங்குக்கு அனுப்பிடுறேன். அந்தப் பிள்ளையை மட்டும் வெளியே விட்டுரும்மா!"

சௌதா கிளியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று திருச்செல்வத்துக்குப் புரியவில்லை.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன அங்கிள்? உங்க நோட்டீஸுக்குப் பயந்துதான் நானும் விஷயத்தை முழுசாச் சொல்லாம நிக்கிறேன்" என்றாள். "இவனை எங்கயும் அனுப்ப வேணாம், கூண்டோட கீழ கொண்டு வாங்க... எங்க ஷிரீன் ஜோடியே இல்லாம மூணு முட்டை போட்டுட்டு உட்கார்ந்திருக்கா!"